நுரைக்குக் காசு கொடுப்பதா?

குவளை வந்து மேஜை மேல் "டக்" என்று உட்காருகிறது. தலையில் வெள்ளை வெளேரென்று நுரை, தலைப்பாகை கட்டியது போல. பார்க்க அழகுதான். ஆனால் வாடிக்கைக்காரர் வாயில் வைக்கவில்லை. கையைக் கட்டிக்கொண்டு காத்திருக்கிறார்.

ஒரு நிமிஷம், இரண்டு நிமிஷம். நுரை அடங்குகிறது. இப்போது பார்த்தால், கண்ணாடியில் போட்ட கோட்டுக்கு ஒரு விரல் கீழே நிற்கிறது பீர்!

இது மியூனிக் நகரத்துச் சண்டை. நூறு வருஷத்துக்கு மேலாக நடக்கும் சண்டை. இன்னும் தீரவில்லை.

ஜெர்மனியின் தெற்கே இருப்பது பவேரியா மாநிலம். அதன் தலைநகரம் மியூனிக். அந்த ஊர்க்காரர்களுக்குப் பீர் ஒரு மதுபானமே அல்ல. "திரவ ரொட்டி" என்று அதற்குச் செல்லப் பெயர் வைத்திருக்கிறார்கள். ரொட்டியில் கல் இருந்தால் கோபம் வருமா, வராதா? அது போலத்தான் அவர்களுக்குப் பீர் அளவு குறைந்தால் வரும் கோபமும்.

கல்யாணத்தில் பிறந்த திருவிழா

மியூனிக்கில் ஆண்டுதோறும் நடப்பது "அக்டோபர் விழா". பெயர்தான் அக்டோபர். தொடங்குவது செப்டம்பரில்! மழையும் குளிரும் வருவதற்கு முன்னால் முடித்துவிட வேண்டும் என்று முன்னால் தள்ளிவிட்டார்கள்.

1810-ஆம் ஆண்டு அக்டோபர் 12-ந் தேதி பவேரிய இளவரசர் லுட்விக்குக்கும் தெரேசா என்ற இளவரசிக்கும் கல்யாணம் நடந்தது. அதைக் கொண்டாட, 17-ந் தேதி ஊருக்கு வெளியே ஒரு புல்வெளியில் குதிரைப் பந்தயம் வைத்தார்கள். ஜனங்களுக்கு அது பிடித்துப்போயிற்று. அடுத்த வருஷமும் வேண்டும் என்றார்கள். புல்வெளிக்குக் கல்யாணப் பெண்ணின் பெயரையே சூட்டினார்கள். குதிரைகள் போய்விட்டன, பீர் நின்றுவிட்டது.

2023-ஆம் ஆண்டு விழாவுக்கு வந்தவர்கள் 72 லட்சம் பேர்! அவர்கள் குடித்துத் தீர்த்தது ஏறக்குறைய 65 லட்சம் குவளை. நகர மேயர் முதல் பீப்பாயில் சுத்தியலால் அடித்துக் குழாயைப் பொருத்துவார். அதன் பிறகுதான் விற்பனை. எத்தனை அடியில் குழாய் ஏறுகிறது என்று ஊரே எண்ணும். இரண்டே அடியில் முடித்த மேயர்களுக்கு நல்ல பெயர்.

கூஜாவும் செருப்பும்

இந்த ஊர்க்காரர்கள் பீரை விடப் பாத்திரத்தில்தான் அதிகப் புத்தியைச் செலவழித்திருக்கிறார்கள் என்று தோன்றுகிறது.

விழாக் குவளை ஒரு லிட்டர் பிடிக்கும். கெட்டிக் கண்ணாடி. வெறும் குவளையே ஒன்றே கால் கிலோவுக்கு மேல்! பரிமாறும் பெண்கள் பத்துப் பன்னிரண்டு குவளையை இரண்டு கைகளிலும் அணைத்துப் பிடித்துக்கொண்டு, கூட்டத்தைப் பிளந்துகொண்டு ஓடுகிறார்கள். தண்ணீர்க் குடம் தூக்கிப் பழகியவர்களுக்குத்தான் அந்தக் கஷ்டம் தெரியும். 2017-ஆம் ஆண்டு பவேரியாவில் நடந்த ஒரு போட்டியில் ஒருவர் 29 குவளைகளை நிரப்பி எடுத்துக்கொண்டு 40 மீட்டர் நடந்து சாதனை செய்தார்.

பழைய காலத்துக் குவளை கண்ணாடி அல்ல, சுட்ட மண். மேலே ஈய மூடி. கட்டைவிரலால் அழுத்தினால் மூடி திறக்கும். ஏறக்குறைய நம் ஊர்க் கூஜாவுக்கு ஒன்றுவிட்ட தம்பி! பீரில் ஈ விழாமல் இருக்க இந்த ஏற்பாடு. மூடி போட்ட குவளை வாங்க வசதியில்லாத ஏழைகள், கம்பளித் துணி வட்டம் ஒன்றைக் குவளை மேல் போட்டு மூடினார்கள். அது ஈரத்தில் ஊறி நாறும். 1892-ஆம் ஆண்டில் டிரெஸ்டன் நகரத்து ராபர்ட் ஸ்புத் என்பவர் மரக்கூழைத் தட்டி உலர்த்தி அட்டை வட்டம் செய்து உரிமைப் பதிவு வாங்கினார். இன்று உலகம் முழுவதும் பீர்க் குவளைக்கு அடியில் வைக்கும் அட்டை இதன் வாரிசுதான்.

மியூனிக்கில் 1589-ஆம் ஆண்டில் தொடங்கிய "ஹோப்பிராய்ஹவுஸ்" என்ற அரண்மனைச் சாராயக்கூடம் இருக்கிறது. தினமும் வரும் வாடிக்கைக்காரர்கள் தங்கள் சொந்தக் குவளையை அங்கேயே இரும்புக் கூண்டில் வைத்துப் பூட்டுப் போட்டுச் சாவியை எடுத்துக்கொண்டு போகிறார்கள். பாங்கி லாக்கர் போல! அதில் இடம் கிடைப்பது லேசல்ல.

பூட்டு வைப்பதற்கும் காரணம் இல்லாமல் இல்லை. அக்டோபர் விழாவுக்கு வருகிறவர்களில் பலருக்குக் குவளை மேல் ஆசை. பைக்குள், கோட்டுக்குள், குழந்தை வண்டிக்குள்ளே கூட மறைத்து எடுத்துப் போவார்கள். காவற்காரர்கள் வாசலில் பிடுங்கி வைக்கும் குவளைகள் சில ஆண்டுகளில் ஒரு லட்சத்தை ஒட்டிப் போயிருக்கின்றன. திருப்பதி உண்டியலுக்குக் கூட இத்தனை காவல் வேண்டாம்.

செருப்புக் குவளை ஒன்று உண்டு. சரியாகச் சொன்னால் பூட்ஸ். முழங்கால் வரை வரும் பூட்ஸ் வடிவத்தில் கண்ணாடியில் செய்து, பீர் ஊற்றி, நண்பர்கள் வட்டமாக உட்கார்ந்து கைமாற்றிக் குடிப்பார்கள். இதில் ஒரு வேடிக்கை. பூட்ஸின் விரல் பக்கம் மேல் நோக்கி இருக்கும்படி பிடித்துக் குடித்தால், பீர் குறையக் குறையக் காற்று அந்த மூலைக்குள் திடீரென்று புகும். உடனே "குபுக்" என்று பீர் முகத்தில் அடிக்கும்! விரல் பக்கத்தைச் சற்றுப் பக்கவாட்டில் திருப்பிக்கொண்டால் தப்பிக்கலாம். அறிந்தவர்கள் அறியாதவர்களிடம் சொல்ல மாட்டார்கள்.

குளிர்ந்த பீர் வயிற்றுக்கு ஆகாது என்று நினைக்கும் கிழவர்களுக்காகச் சுடுதண்ணீர்க் குழாயும் உண்டு. உலோகக் குழாயில் வெந்நீர் ஊற்றி மூடிக் குவளைக்குள் தொங்கவிட வேண்டியது. பீருக்கு ஒற்றடம்!

இலையை மூடுவது போல

மியூனிக்கில் எல்லாம் பெரிசு. வடமேற்கே கொலோன் நகரத்தில் எல்லாம் சிறிசு. வாசனைத் தண்ணீருக்குப் பெயர் போனதே, அந்தக் கொலோன்தான். அங்கே பீர் கொடுப்பது 200 மில்லி பிடிக்கும் ஒல்லிக் கண்ணாடிக் குழாயில். மியூனிக்காரர் பார்த்தால் மருந்துக் குப்பி என்பார்.

ஆனால் கொலோன் பரிமாறுகிறவர் கேட்டுக்கொண்டு நிற்க மாட்டார். குவளை காலியானதும் அடுத்தது வந்து உட்காரும். அட்டை வட்டத்தில் பென்சிலால் ஒரு கோடு விழும். அதுதான் கணக்கு. "போதும் ஐயா" என்று வாயால் சொன்னால் பலிக்காது. அட்டையை எடுத்துக் குவளையின் மேல் வைத்து மூட வேண்டும். பந்தியில் இலையை மூடினால்தான் சாம்பார்வாளி நகரும். அது போலத்தான் இதுவும்.

முறுக்கு, முள்ளங்கி, கட்டுச்சோறு

பீருடன் தின்னும் பண்டங்களும் வேடிக்கையானவை. முதலாவது பிரெட்சல். கோதுமை மாவில் செய்த ராட்சத முறுக்கு. சுடுவதற்கு முன்னால் காரநீரில் முக்கி எடுப்பார்கள். அதனால்தான் மேலே அந்தப் பழுப்பு நிறமும் தனி ருசியும். மேலே கல் உப்பைத் தூவுவார்கள். உப்பு தாகத்தைக் கிளப்பும். தாகம் வியாபாரத்தைக் கிளப்பும்!

வெள்ளை முள்ளங்கியைச் சுருள் சுருளாகச் சீவி உப்புப் போட்டுத் தின்பது இன்னொன்று. மீந்துபோன பாலாடைக்கட்டியை வெண்ணெய், வெங்காயம், மிளகாய்த் தூள் போட்டுப் பிசைந்து ரொட்டியில் தடவுவது மற்றொன்று. பழையதை வீணாக்காத புத்தி எந்த ஊர் அடுக்களைக்கும் பொதுதான் போலிருக்கிறது.

கன்றிறைச்சியைக் குடலுக்குள் அடைத்து வேகவைத்த வெள்ளைப் பண்டம் ஒன்று உண்டு. முருங்கைக்காயை உறிஞ்சுவது போலத் தோலை விட்டு உள்ளே இருப்பதை உறிஞ்சித் தின்பார்கள். கோயில் மணி 12 அடிப்பதற்குள் தின்றுவிட வேண்டும் என்பது சம்பிரதாயம். குளிர்பெட்டி இல்லாத காலத்தில் மத்தியானம் வரை தாங்காது. அதனால் வந்த வழக்கம். குளிர்பெட்டி வந்துவிட்டது. வழக்கம் போகவில்லை.

பீரில் சூப்புக் கூட வைத்தார்கள். பீர், முட்டை, வெண்ணெய் சேர்த்துக் காய்ச்சினால் காலைப் பலகாரம். பிரஷ்யாவின் ராஜா இரண்டாம் பிரெடெரிக் அதைத்தான் சாப்பிட்டு வளர்ந்தார். ஜனங்கள் காபி குடித்துக் காசை வெளிநாட்டுக்கு அனுப்புகிறார்களே என்று 1777-ஆம் ஆண்டில் அவருக்குக் கோபம் வந்தது. எல்லோரும் பீர் குடிக்க வேண்டும் என்றார். 1781-ஆம் ஆண்டில் காபிக்கொட்டை வறுப்பதற்கே தடை போட்டார். சொந்தமாக வறுக்கிறவர்களைப் பிடிக்கப் பழைய சிப்பாய்களைத் தெருத் தெருவாக மோப்பம் பிடிக்க விட்டார்! கும்பகோணத்தில் இப்படிச் செய்திருந்தால் ராஜாவின் கதி என்ன ஆகியிருக்கும்?

எல்லாவற்றிலும் மெச்சத்தக்கது பீர்த் தோட்டம். வெயில் காலத்தில் பீர் கெடாமல் இருக்க மண்ணுக்கு அடியில் நிலவறை வெட்டினார்கள். நிலவறை சூடாகாமல் இருக்க மேலே நிழல் மரம் வைத்தார்கள். நிழலில் ஜனங்கள் வந்து உட்கார்ந்துகொண்டார்கள். "எங்கள் பிழைப்புப் போகிறது" என்று ஓட்டல்காரர்கள் முறையிட்டார்கள். 1812-ஆம் ஆண்டில் ராஜா தீர்ப்புச் சொன்னார்: பீர் விற்கலாம், ரொட்டி விற்கலாம், வேறு சாப்பாடு விற்கக்கூடாது.

உடனே ஜனங்கள் வீட்டிலிருந்தே கட்டுச்சோறு கொண்டுவந்துவிட்டார்கள்! சாப்பாடு விற்கத் தடை பிறகு போய்விட்டது. ஆனால் சொந்தச் சாப்பாட்டைக் கொண்டுவந்து உட்கார்ந்து தின்னும் உரிமை இன்றும் இருக்கிறது. தாத்தா பீர் குடிப்பார். பேரன் பழரசம் குடிப்பான். பாட்டி கூடையைத் திறப்பாள்.

ஒரு கோடு

இத்தனை பாத்திரங்களிலும் சிறந்தது எது? மூடியும் அல்ல, பூட்ஸும் அல்ல. கண்ணாடியில் கீறிய அந்தச் சின்னக் கோடுதான்!

மண் குவளையில் எத்தனை பீர், எத்தனை நுரை என்று வெளியே தெரியாது. கண்ணாடியில் தெரியும். இவ்வளவு வரை பீர் நிற்க வேண்டும் என்று கோடு காட்டுகிறது. கோட்டுக்கு மேலே நுரைக்குத் தனியாக இடம் விட்டிருக்கிறது. பால்காரர் பீய்ச்சிய நுரையோடு அளந்து ஊற்றும்போது, "நுரை அடங்கட்டும்" என்று சொம்பைப் பிடித்துக்கொண்டு நின்ற பெண்களுக்கு இதன் அருமை புரியும்.

பவேரியாவில் அளவும் விலையும் அரசாங்க விஷயங்கள். 1516-ஆம் ஆண்டு ஏப்ரல் 23-ந் தேதி இங்கோல்ஸ்டாட் நகரத்தில் பிறந்த பீர்ச் சட்டத்தை எல்லோரும் புகழ்கிறார்கள். பார்லி, ஹாப்புப் பூ, தண்ணீர் இவை தவிர வேறு சேர்க்கக்கூடாது என்கிற சட்டம். ஆனால் அதே சட்டம் ஒரு குவளைக்குக் குளிர்காலத்தில் ஒரு பென்னி, கோடையில் இரண்டு பென்னிக்கு மேல் வாங்கக்கூடாது என்று விலையையும் கட்டிப்போட்டது. அதை யாரும் விளம்பரத்தில் போடுவதில்லை.

1844-ஆம் ஆண்டு மே 1-ந் தேதி பீர் விலை ஏறியது. மியூனிக் ஜனங்கள் கூடங்களில் புகுந்து மேஜை, நாற்காலி, ஜன்னலை உடைத்தார்கள். சில நாள் கலாட்டா. கடைசியில் ஏற்றிய விலையை இறக்க வேண்டியதாயிற்று. அப்போது சிங்காதனத்தில் இருந்தவர் யார் தெரியுமா? 1810-இல் கல்யாண மாப்பிள்ளையாக இருந்த அதே லுட்விக்!

குறைத்து ஊற்றுவதை எதிர்க்க மியூனிக்காரர்கள் 1899-ஆம் ஆண்டிலேயே ஒரு சங்கம் வைத்தார்கள். அது நின்றுபோய், 1970-ஆம் ஆண்டில் மறுபடியும் பிறந்தது. கோடு வரை ஊற்று என்பதே அதன் கோரிக்கை. சிரிப்புச் சங்கம் என்று சிலர் நினைக்கலாம். கணக்குப் போட்டால் சிரிப்பு வராது.

2025-ஆம் ஆண்டு விழாவில் ஒரு குவளையின் விலை 15 யூரோ 80 சென்ட் வரை போயிற்று. கோட்டுக்குக் கீழே ஒன்றரை சென்டிமீட்டர் வரை குறைந்தால் நகராட்சி கண்டுகொள்வதில்லை. அந்த ஒன்றரை சென்டிமீட்டரில் ஏறக்குறைய 100 மில்லி போகிறது. பத்தில் ஒரு பங்கு! நம் பணத்தில் சுமார் 150 ரூபாய். 65 லட்சம் குவளையிலும் இப்படிக் குறைந்தால் ஆறரை லட்சம் லிட்டர் பீர், ஊற்றாமலே விற்றுப்போகும்.

"ஒரே கூடாரத்தில் ஆயிரக்கணக்கானவர்கள் காத்திருக்கிறார்கள். ஒவ்வொரு குவளைக்கும் நுரை அடங்கும் வரை நிற்க முடியுமா? நுரை இல்லாத பீர் ருசிக்குமா?" என்கிறார்கள் விற்பவர்கள்.

நுரை வேண்டும்தான். அதற்குத்தான் கோட்டுக்கு மேலே இடம் இருக்கிறதே! அவசரம் என்றால் விற்பவருக்கு லாபம், குடிப்பவருக்கு நஷ்டம் என்று மட்டும் ஏன் போகிறது? அவசரத்தில் கை தவறிக் கோட்டுக்கு மேலே ஊற்றிவிட்டார்கள் என்று எங்கேயாவது புகார் உண்டா? படியைத் தலைதட்டி அளக்கிறவர் வாங்கும்போது மட்டும் குவித்து வாங்கினால் அதற்குப் பெயர் அவசரமா?

ஒன்றரை சென்டிமீட்டர் சலுகையை நகராட்சி எடுத்துவிடுவதுதான் நியாயம். கோடு போட்டது கோட்டுக்காகத்தான்.

அது வரைக்கும் அந்த வாடிக்கைக்காரர் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். நுரை அடங்கியதும் குவளையை முன்னால் தள்ளி, விரலால் கோட்டைக் காட்டுவார். பரிமாறும் அம்மாள் முணுமுணுத்துக்கொண்டே எடுத்துக்கொண்டு போவாள். திரும்பி வரும்போது கோட்டுக்கு மேலே அரை விரல் அதிகமாகவே இருக்கும்.