நோயாளர்க்கு உரைக்கும் மொழி

திருவள்ளுவர் 'மருந்து' என்னும் அதிகாரத்தின் இறுதியில் மருத்துவத்தின் கூறுகளை நான்கென எண்ணுமிடத்து, நோயுற்றவனையே முதற்கண் வைத்தார். மருத்துவனும் மருந்தும் உடனிருந்து உதவுவானும் அவனுக்குப் பின்னரே எண்ணப்பட்டனர். அவ்வுற்றவனுக்கு வேண்டிய இயல்புகளைப் பரிமேலழகர் நான்காக வகுத்துரைப்பர். அவற்றுள் பொருளுடைமையும் பொறுமையும் ஒழிய, எஞ்சிய இரண்டும் மொழியைப் பற்றியனவாதல் ஈண்டு நோக்கத்தக்கது. தன் நோயின் நிலையை மருத்துவனுக்கு உணர்த்துதல் ஒன்று. அவன் சொல்லியவழி நிற்றல் மற்றொன்று. இக்காலத்து மருத்துவர்களைச் சூழ்ந்துள்ள இடர்கள் பலவாயினும், தமிழ் பயிலும் மாணவன் ஒருவன் துணிந்து பேசத்தக்கது இவ்விரண்டையும் பற்றியே. மருந்தின் ஆற்றலைப் பற்றி யான் யாது அறிவேன்! ஆனால் மருந்தைக் குறித்து உரைக்கப்படும் சொல் கேட்பான் செவியிற் புகுந்ததா என்பதை ஆராய்தல் எம் துறையைச் சேர்ந்ததே.

நோயாளி உரைப்பதை முதலிற் கொள்வோம். நம் மக்கள் வலிக்கு ஒரு சொல்லோடு அமைந்தாரல்லர். மூட்டில் குடைச்சல், நடந்து களைத்த காலில் உளைச்சல், நீர் கழிக்குங்கால் கடுப்பு, விலாவில் குத்தல், நெஞ்சில் பாரம், வயிற்றில் எரிச்சல் என இடத்திற்கும் தன்மைக்கும் ஏற்பச் சொற்கள் உள. நோயறியும் கருவிகள் இத்துணை மலிந்த இக்காலத்திலும், நோயாளி தன் வாயாற் சொல்லும் இச்சொற்களே மருத்துவர்க்கு முதற் கருவியாம். இவையனைத்தும் குறிப்பேட்டில் 'பெயின்' என்னும் ஒற்றைச் சொல்லாய்ச் சுருங்கிவிடின், அக்கருவி கூர் மழுங்கிப்போம். 'மயக்கம்' என்னும் சொல்லைப் பாருங்கள். தலை சுற்றுதலையும் மயக்கம் என்பர். நினைவிழந்து வீழ்தலையும் அவ்வாறே சொல்வர். முன்னது உட்காதின் கோளாற்றால் வருவதாகலாம்; பின்னது இதயத் துடிப்பின் கோளாற்றால் வருவதாகலாம். 'எந்த மயக்கம், அம்மா?' என்று ஒரு வினா மிகுதியாய்க் கேட்பதில் ஓர் உயிர் அடங்கியிருத்தல் கூடும். மாரடைப்பு வந்தோர் அதனை வாயுப் பிடிப்பென்று பெயரிட்டு, ஓமத் தண்ணீர் பருகி, விடியட்டும் எனக் காத்திருந்து மாண்ட வரலாறு நம் ஊர்களில் அரிதன்று. பெயர் தவறியதனால் காலம் தவறிற்று.

சொல்லொன்று பிறழ்வதால் விளையும் கேட்டிற்கு வேற்று நாட்டுச் சான்று ஒன்று உண்டு. 1980-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் ஃபிளாரிடாப் பகுதியில் பதினெட்டு வயது இளைஞன் ஒருவன் நினைவிழந்த நிலையில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவரப்பட்டான். ஸ்பானிய மொழி பேசும் அவன் சுற்றத்தார் 'இன்டாக்ஸிகாடோ' என்றனர். உண்ட உணவு ஒவ்வாமையால் உடல்நலம் கெட்டான் என்பதே அவர்கள் கருத்து. கேட்டவர்களோ, ஓசையொத்த ஆங்கிலச் சொல்லின் பொருளைக் கொண்டு, போதைமருந்தை அளவின்றி உட்கொண்டான் எனத் துணிந்து அதற்கே சிகிச்சை செய்தனர். உண்மையில் அவன் மூளையில் இரத்தம் கசிந்துகொண்டிருந்தது. அஃது அறியப்படுமுன் அவனுடைய கைகால்கள் நான்கும் செயலிழந்துபோயின. அங்கிருந்த மருத்துவர்கள் கல்வியில் குறைந்தவரல்லர். மொழியறிந்த ஒருவரை அழைத்துக் கேட்டிலர் என்பதே குறை.

இனி, மருத்துவர் உரைப்பதைப் பார்ப்போம். முடக்குவாதத்திற்கு அளிக்கப்படும் 'மெத்தோடிரெக்ஸேட்' என்னும் மருந்தை அந்நோயாளர் வாரத்திற்கு ஒரு நாளே உட்கொள்ளுதல் வேண்டும். நாள்தோறும் உண்பின் எலும்பின் மச்சை இரத்த அணுக்களை ஆக்கும் தொழிலில் தளர்ந்து, உயிருக்கே இறுதி நேரலாம். இத்தகைய சாவுகள் பல நாடுகளில் நிகழ்ந்துள்ளன. சீட்டிலோ ஆங்கிலத்தில் 'வாரம் ஒருமுறை' எனச் சுருக்கெழுத்தாய் எழுதப்பட்டிருக்கும். அதனை வாசிக்க அறியாதவர், மற்ற மாத்திரைகளைப் போலவே இதனையும் இரவுதோறும் விழுங்குவரன்றோ? ஆங்கிலத்தில் 'ஒருமுறை' என்று பொருள்படும் 'ஒன்ஸ்' என்னும் சொல், ஸ்பானிய மொழியில் அதே எழுத்துக்களால் எழுதப்பட்டுப் பதினொன்று என்னும் எண்ணைக் குறிக்கும் என்பர். இவ்வாறான குழிகள் எல்லா மொழிகளுக்கு இடையிலும் உள.

நம் மருந்துக்கடைகளில் மாத்திரை அட்டையைக் கத்தரியால் துண்டித்துச் சிறு காகித உறையிலிட்டுத் தருவது வழக்கம். துண்டித்த பகுதியில் மருந்தின் பெயர் இராது. காலாவதியாகும் நாளும் இராது. மருத்துவரின் சீட்டின்றி வாங்கலாகாத மருந்தென்பதைக் காட்டும் சிவப்புக்கோட்டைப் பற்றி மக்களுக்கு அறிவிக்க 2016-ஆம் ஆண்டில் மத்திய அரசு ஓர் இயக்கமே தொடங்கிற்று. அக்கோடு எதற்கென்று என் விடுதி நண்பர் பதின்மரைக் கேட்டேன். ஒருவரே விடை கூறினார். அவரும் வேதியியல் மாணவர்.

சென்னை நகரம் இவ்வகையில் உலகிற்கே ஒரு பாடம் கற்பித்தது. 1956-ஆம் ஆண்டில் அங்கே நிறுவப்பெற்ற காசநோய் ஆராய்ச்சி நிலையத்தார், 193 நோயாளிகளை இரு பகுதியாக்கி, ஒரு பகுதியினரைச் சானடோரியத்திலும் மற்றொரு பகுதியினரை அவரவர் இல்லத்திலும் வைத்து ஓராண்டு மருந்தளித்தனர். நல்லுணவும் ஓய்வும் பெற்றவர்களும், நெருக்கமான வீடுகளில் வறுமையோடு வாழ்ந்தவர்களும் ஏறக்குறைய ஒத்த அளவிலேயே நலம் பெற்றனர் என்பது 1959-இல் வெளியாயிற்று. இம்முடிவு பல நாடுகளில் சானடோரியங்களை வேண்டாதனவாக்கிற்று. நோயாளி வீட்டிலிருந்தே குணமடையலாம் என்பது பெரும்பேறே. ஆயினும் அன்று முதல் பொறுப்பிற் பெரும்பகுதி செவிலியின் கையினின்று நோயாளியின் கைக்கு மாறிற்று. சில வாரங்களில் இருமல் தணியும், பசி மீளும், மருந்தோ ஆறு மாதம் உண்ணவேண்டும். 'நலமாகிவிட்டது, இனி எதற்கு?' என்று இடையில் நிறுத்துவோர்க்கு மருந்திற்கு அடங்காத காசம் வந்து சேரும். நலமான பின்னும் ஏன் உண்ணவேண்டும் என்பதை உழைத்துண்ணும் ஒருவர் மனங்கொள்ளுமாறு விளக்குதல் எளிய செயலன்று. அதற்குச் சொல் வேண்டும், காலமும் வேண்டும்.

காலத்தைப் பற்றிப் பேசுமிடத்து மருத்துவரைக் குறைகூற என் மனம் ஒருப்படவில்லை. பல நாடுகளில் ஒரு நோயாளிக்கு மருத்துவர் செலவிடும் நேரத்தைத் தொகுத்து 2017-இல் வெளியான ஆய்வொன்று, சுவீடனில் 22.5 நிமிடமும், இந்தியாவில் சுமார் 2 நிமிடமும், வங்காளதேசத்தில் 48 விநாடியும் எனக் கண்டது. வாயிலுக்கு வெளியே நூறுபேர் வரிசையில் நிற்க, இரண்டு நிமிடத்தில் நோயையும் அறிந்து மருந்தையும் எழுதி விளக்கமும் கூறுதல் யாரால் இயலும்? அந்நேரத்திலும் நோயாளியின் முகத்தை நோக்கிப் பேசும் மருத்துவர்களை யான் கண்டிருக்கிறேன், அவர்களை வணங்குகிறேன்.

எனினும் அறுவைக்கு முன் பெறும் இசைவுக்கு விரைவைச் சாக்காகக் கூறுதல் ஏலாது. சிகிச்சையின் தன்மை, பயன், இடர், மாற்றுவழி ஆகியவற்றை நோயாளி அறிந்து அளிப்பதே இசைவாம் என்றும், ஆராய்ந்து பார்ப்பதற்கு அளித்த இசைவைக் கொண்டு உறுப்பை நீக்குதல் ஆகாதென்றும் 2008-ஆம் ஆண்டில் இந்திய உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஓர் ஆஸ்பத்திரியில் என் பெரியம்மாவுக்கு அறுவை செய்வதற்கு முன்னாள், நான்கு பக்க ஆங்கிலத் தாளைக் கொணர்ந்து, 'இங்கே, இங்கே, இங்கே' என்று விரலால் சுட்டினர். அவர் மூன்று இடங்களிலும் தம் பெயரை அழகிய தமிழில் எழுதிவிட்டு, 'என்னப்பா போட்டிருக்கு இதிலே?' என்று பின்னரே என்னைக் கேட்டார்.

மருத்துவக் கல்வியே தாய்மொழியில் நிகழ்ந்தால் இக்குறை தீரும் என்பார் உளர். மத்தியப் பிரதேசத்தில் 2022-இல் இந்தி மருத்துவ நூல்கள் வெளியிடப்பெற்றபோது இவ்வாதம் நாடெங்கும் எழுந்தது. தமிழர்க்கு இஃது புதிய செய்தியன்று. 1847-ஆம் ஆண்டில் யாழ்ப்பாணம் போந்த அமெரிக்க மிஷன் வைத்தியர் சாமுவேல் ஃபிஸ்க் கிறீன், மானிப்பாயில் அமர்ந்து நோய் தீர்த்ததோடு, தமிழ் மாணவர்க்குத் தமிழிலேயே மேனாட்டு வைத்தியம் பயிற்றினார். இரணவைத்தியம் 1867-இலும், மனுஷ அங்காதிபாதம் 1872-இலும், கெமிஸ்தம் 1875-இலும் அச்சேறின. அவர் பயிற்றிய வைத்தியர் அறுபதின் மேற்பட்டவர். அந்நூல்களின் பெயர்களைக் கேட்டு இற்றைத் தமிழாசிரியர் முறுவலிக்கலாம். வடசொல் மிகுதி என்பர். ஆயினும் அம்மாணவர் கத்தி பிடித்தது அச்சொற்களைக் கற்றே. கிறீனிடத்து யான் வியப்பது கலைச்சொல்லாக்கத்தை அன்று. மருத்துவம் செல்லவேண்டிய இடம் நோயாளியின் வீடு என்று அவர் கண்டதையே. கல்லூரியில் எம்மொழியிற் கற்பினும் கற்க; படுக்கையருகே நிற்கும்போது நோயாளியின் மொழியிற் பேசுக என்பதே என் துணிபு. வங்காளத்தினின்று வேலூருக்கு வந்து வரிசையில் நிற்கும் ஏழைக்கும் இந்நியாயம் உண்டு. ஆண்டுத் தமிழ் மட்டும் பேசின் அவருக்கு யாது பயன்?

இனி எம்மவர் குறையொன்றும் கூறுதல் முறையே. தமிழ்ப்படுத்துக என்றவுடன் நாம் செய்வதென்னை? சர்க்கரை என்று ஊரே சொல்லும் நோயை வேறொரு பெயரால் எழுதி, இரத்தத்தைக் குருதியாக்கி, 'மேற்குறித்த சிகிச்சையினால் நேரக்கூடிய பின்விளைவுகளுக்கு' என அரைப் பக்க வாக்கியம் ஒன்று கட்டிவிடுவோம். அதனை நோயாளி மட்டுமா, செவிலியும் விளங்கிக்கொள்ளமாட்டார். எழுதுவது யாவர்க்கு என்பதை மறந்த தமிழ், ஆங்கிலத்தினும் தொலைவிலேயே நிற்கும்.

ஆதலின் என் வேண்டுகோள் சிறியது. நம் கல்லூரித் தமிழ் மாணவர் சிலர், மருத்துவம் பயிலும் பழைய மாணவரோடு ஒருங்கமர்ந்து, அடிக்கடி வழங்கும் மருந்துகள் சிலவற்றிற்கு ஒற்றைத் தாள்கள் எழுதுக. எழுதியபின் விடுதிச் சமையற்காரரிடமும், வாயிற்காவலரிடமும் வாசித்துக் காட்டி, 'இப்போது நீங்கள் எனக்குச் சொல்லுங்கள்' என்று கேட்க. அவர் திருப்பிச் சொல்வது பிழைபடின், திருத்தவேண்டியது தாளையே. மருத்துவர்களும் இம்முறையைக் கையாளலாம். ஒரு நோயாளிக்கு அரை நிமிடமே செல்லும். முதல் தாளை யானே எழுதிப் பார்த்தேன். மெத்தோடிரெக்ஸேட் உறையின்மேல் பெரிய எழுத்தில் வரவேண்டிய சொற்கள் இவை: 'வாரத்தில் ஒரே ஒரு நாள். உங்கள் நாள் ............ கிழமை. மற்ற நாள்களில் இந்த மாத்திரையைத் தொடாதீர்கள்.' கிழமையின் பெயரை மருத்துவர் தம் கையாலேயே நிரப்புக.