கொழுந்து நிறுவையில் அளந்த இரத்தம்



பிரட்டில் நிற்கும்போது, "நாளைக்கு டிஸ்பென்சரிக்கு வாங்க, ரத்தம் எடுக்க ஆள் வருது" என்று சொன்னால் நாம் போய் வரிசையில் நிற்கிறோம். எதற்கு என்று கேட்பவர் குறைவு. வைத்தியமா, ஆராய்ச்சியா என்று கேட்பவர் அதைவிடக் குறைவு. இரண்டும் ஒன்றல்ல. வைத்தியம் நோயாளிக்காகச் செய்வது. ஆராய்ச்சி, வேறு யாரோ ஒன்றை அறிந்துகொள்வதற்காக நம் உடம்பில் செய்வது.

1979ஆம் ஆண்டு பிரிட்டிஷ் மெடிக்கல் ஜேர்னலில் வெளியான ஓர் ஆய்வைப் பாருங்கள். நமது நாட்டில் கொழுந்து பறிப்போரை வைத்துச் செய்தது. இரத்தச்சோகை உள்ளவர்களில் ஒரு சாராருக்கு இரும்புச்சத்து மருந்து. மற்றவர்களுக்கு மருந்து போலத் தோன்றும் வெறும் மாத்திரை. பலனை எதைக்கொண்டு பார்த்தார்கள்? ஒரு நாளில் பறித்த கொழுந்தின் நிறையைக் கொண்டு! ஒரு மாதத்தில், இரும்புச்சத்தால் இரத்தம் ஊறியவர்கள் கூடுதலாகப் பறித்தார்கள். ஹீமோகுளோபின் 6 முதல் 9 கிராம் வரை மட்டுமே இருந்தவர்களிடம் முன்னேற்றம் இன்னும் அதிகம். இதனால் வரும் பொருளாதாரப் பயன் வெளிப்படையானது என்றும் எழுதினார்கள்.

அந்த ஆய்வால் நன்மையே இல்லை என்று நாம் சொல்லவில்லை. மலையில் மூச்சுவாங்கி நிற்கும் பெண்ணைச் சோம்பேறி என்று ஏசுகிற கணக்கப்பிள்ளைமாருக்கு அதைவிட நல்ல பதில் கிடையாது. ஆனால் சோகைக்கு இரும்புச்சத்து மருந்து என்பது அன்றைக்கே எந்த வைத்தியருக்கும் தெரியும். தெரிந்த மருந்தை ஒதுக்கிவைத்து, சோகையுள்ள பெண்ணின் கையில் வெறும் மாத்திரையைக் கொடுத்து மலைக்கு அனுப்பியது எந்த நியாயம்? ஒப்பீட்டுக்காக வைத்திருப்பவர்களுக்கும் நிரூபிக்கப்பட்ட சிறந்த சிகிச்சை கிடைக்க வேண்டும் என்று உலக வைத்தியர் சங்கம் 1975இலேயே ஹெல்சிங்கி பிரகடனத்தைத் திருத்தி எழுதியிருந்தது.

கூடுதலாகப் பறித்த கொழுந்து யார் கணக்கில் சேர்ந்தது? ஆணுக்குச் சமமான சம்பளம் தோட்டப் பெண்ணுக்குக் கிடைத்தது 1984இல்தான். நம்மில் ஏராளமானோருக்கு அப்போது பிரஜாவுரிமைகூட இல்லை. பிள்ளை தூக்கும்போது இளைப்பு குறைந்ததா, இரவில் நிம்மதியாகத் தூங்கினாளா என்பதைக் கொழுந்துத் தராசு நிறுக்காது.

"சம்மதம் வாங்கினோம்" என்பார்கள். லயம் தோட்டத்துடையது, வேலை தோட்டத்துடையது, டிஸ்பென்சரியும் தோட்டத்துடையது. அங்கே நின்று மாட்டேன் என்று சொல்ல எத்தனை பேரால் முடியும்? தயவில் இருப்பவரிடம் சம்மதம் கேட்கும்போது விசேட கவனம் வேண்டும் என்றும் அதே பிரகடனம் சொல்கிறது.

ஆகவே இனி எந்தக் குழு வந்தாலும், துரையின் அனுமதி நமது அனுமதி ஆகாது. என்ன ஆய்வு, யாருக்காக என்பதைத் தமிழில், தோட்டத் தலைவரும் மாதர் தலைவியும் இருக்கும்போது வாசித்துக் காட்ட வேண்டும். அன்றைய பேர் வெட்டுப்படக் கூடாது. மறுத்தவரின் பெயர் ஆபீசுக்குப் போகக் கூடாது. யாருக்கு என்ன நோய் என்பதும் போகக் கூடாது. இரத்தம் குறைவென்று கண்டால் முடிவை அவரிடமே சொல்லி, அன்றே மருந்து கொடுக்க வேண்டும்.

கைநாட்டு வைக்க முன் தாளின் பிரதியைக் கேளுங்கள். தர மறுத்தால் கையை நீட்டாமல் திரும்பி வந்து தலைவரிடம் சொல்லுங்கள்.