பந்தல் பிரித்த பின்

ஆண்டுதோறும் நாம் விழா எடுக்கிறோம். தைத் திங்களில் பொங்கல் விழா. ரபீஉல் அவ்வலில் மீலாது விழா. இடையே முத்தமிழ் விழா. பட்டிமன்றத்தில் கையொலி அதிர்கிறது. பொன்னாடைகள் தோள் மாறுகின்றன. மறுநாள் பந்தல் பிரிக்கப்படுகிறது. கல்லூரி மதிலுக்கு வெளியே வாழும் ஊரார்க்கு அவ்விழாவினால் எஞ்சியது யாது என்று நாம் நம்மையே வினவிக்கொள்ள வேண்டும்.

விழா என்பது ஊர் கூடும் பொழுது. ஜமாதுல் ஆகிர் மாதத்தில் நிகழும் நாகூர்க் கந்தூரியில் கொடியேற்றம் காண வருவோரை எவரும் சமயம் கேட்பதில்லை. ரமலானில் நோன்புக் கஞ்சி வாங்கத் தூக்குவாளியுடன் பள்ளிவாசல் வாயிலில் நிற்போரில் எல்லா வீட்டுப் பிள்ளைகளும் உண்டு. பொங்கல் பருவத்தோடு பிணைந்தது. நம் பெருநாள்களோ ஆண்டுக்கு ஏறத்தாழ 11 நாள் முந்தி வந்து, 33 ஆண்டுகளில் எல்லாப் பருவங்களையும் வலம் வருபவை. அது நிலத்தின் விழா. இது நிலவின் விழா. இரண்டுக்கும் உரியது ஊர்.

ஆயினும் கூடிக் கலைவது மட்டும் போதாது. கூடியவர் கற்றுச் செல்லவும் வேண்டும். அதற்கு நம் கைக்கெட்டிய பொருள் அரபுத்தமிழ். அரபி எழுத்துகளோடு புள்ளியும் குறியும் கூட்டித் தமிழொலிகளை எழுதிய முறை அது. தமிழ் நெடுங்கணக்கு அறியாத பாட்டிமார் பலர் தமிழ்ப் பாடல்களைப் படித்தது அவ்வெழுத்தின் வழியேதான். கீழக்கரை மாப்பிள்ளை லெப்பை ஆலிம் (1816-1898) அதில் நூல்கள் இயற்றினார். இன்று அதனைப் படிக்க வல்லார் அருகி வருகின்றனர். பரணில் கிடக்கும் ஏட்டை அரபி என்றே எண்ணி, மரியாதையோடு வீட்டார் புதைத்துவிடின், புதைவது தமிழன்றோ! உமறுப் புலவரின் சீறாப்புராணம் 1842இல் அச்சேறியது. அதுவரை ஏடு காத்தோர் இல்லையேல் அச்சேது?

எனவே ஒவ்வொரு விழாவுக்கும் முன்னர் மூன்று நாள் பயிலரங்கு ஒன்றை ஊருக்குள் நடத்துவோம். இடம் மதரஸாவாகவோ பொது நூலகமாகவோ இருக்கட்டும். எழுத்தறிந்த முதியோர் ஆசிரியராகட்டும். நாமும் நம் மாணவரும் மாணாக்கராவோம். பெண்கள் தடையின்றி வர ஏற்ற நேரம் அமையட்டும். பிற சமயத்து அன்பர்களையும் அழைப்போம். உமறுவுக்குத் தமிழ் கற்பித்தவர் எட்டயபுரத்துக் கடிகைமுத்துப் புலவர் என்பதை மறவாதிருப்போம். ஏடுகளைப் படமெடுத்துப் பட்டியலிட்டு, மூலத்தை அன்றே உரியவரிடம் ஒப்படைப்போம். இதில் உறுதி வேண்டும். ஆய்வுக்கென்று வாங்கிச் சென்றவர் திருப்பித் தராத கசப்பு சில வீடுகளில் இன்னும் ஆறவில்லை.

பாடச்சுமைக்கிடையே இதற்குக் காலமேது என்பர் சிலர். பட்டிமன்ற ஒத்திகைக்குச் செலவிடும் நாள்களில் பாதி போதும். செலவேது என்பர். பொன்னாடைகள் சிலவற்றைக் குறைத்தால் தாளும் பெட்டியும் வாங்கலாம்.

விழா நாளில், ஊர்ப் பாட்டி ஒருவர் தம் ஏட்டிலிருந்து படிக்க, அவர் பேத்தி அதனைத் தமிழெழுத்தில் பெயர்த்தெழுதும் காட்சி மேடையேறட்டும். அதனினும் சிறந்த சிறப்புரை வேறில்லை. காலம் காத்திராது, முதியோர் நம்மிடையே இருக்கும்போதே தொடங்குவோம். வல்ல இறைவன் துணைபுரிவானாக!