பூவைப் பார்க்கக் கற்றுக்கொடுப்போம்



ஒரு பூவை வரையச் சொன்னால் நம் மாணவர்களுள் பலர் எதை வரைகின்றனர்? நடுவில் ஒரு வட்டம், சுற்றிலும் ஐந்து இதழ்கள், கீழே ஒரு தண்டு, இரண்டு இலைகள். முப்பது பேர் வரைந்தாலும் முப்பதும் ஒரே அச்சில் வார்த்தவை போலவே இருக்கும். பிள்ளைகளுக்குத் திறமை இல்லை என்று நான் கருதவில்லை. பூவைப் பார்ப்பதற்கான நேரம்தான் அவர்களுக்கு இல்லை.

இதை எண்ணும்போதெல்லாம் அமெரிக்க ஓவியர் அல்மா தாமஸ் என் நினைவுக்கு வருகிறார். 1891இல் பிறந்த இவர் ஒரு கறுப்பினப் பெண்மணி. இவருடைய சொந்த ஊரில் பொது நூலகத்திற்குள் நுழையும் உரிமைகூடக் கறுப்பின மக்களுக்கு இல்லை. 1907இல் குடும்பம் வாஷிங்டனுக்குக் குடிபெயர்ந்தது. 1924இல் ஹோவர்ட் பல்கலைக்கழகத்தில் நுண்கலைப் பட்டம் பெற்றார். அத்துறையின் முதல் பட்டதாரி இவரே. அதன்பின் 1960 வரை, ஏறத்தாழ 35 ஆண்டுகள், ஒரே இடைநிலைப் பள்ளியில் ஓவிய ஆசிரியராகப் பணியாற்றினார். ஆசிரியப் பணிக்கிடையே, அறுபது வயதை ஒட்டிய காலத்திலும் மாணவியாக அமர்ந்து ஓவியம் பயின்றார்.

ஓய்வுபெற்ற பிறகே இவருடைய கலை முழுமையாக மலர்ந்தது. மூட்டுவலி வருத்திய காலத்தில் அவருக்குக் கைகொடுத்தது வீட்டுச் சன்னல். சன்னலருகே நின்ற மரத்தின் இலைகளுக்கிடையே ஒளி எப்படிச் சிதறுகிறது, தோட்டத்துப் பூக்கள் தொலைவில் எப்படி வண்ணத் திட்டுகளாகத் தெரிகின்றன என்று உற்று நோக்கினார். கண்டவற்றைச் சிறுசிறு வண்ணக் கட்டங்களாகவும் வளையங்களாகவும் தீட்டினார். அவற்றில் இதழும் இல்லை, தண்டும் இல்லை. ஆனால் ஒரு தோட்டமே இருந்தது! 1972இல், தம் 80ஆம் வயதில், நியூயார்க்கின் விட்னி அருங்காட்சியகத்தில் தனிக்கண்காட்சி நடத்திய முதல் கறுப்பினப் பெண்மணி என்னும் சிறப்பைப் பெற்றார். 1978இல் மறைந்தார். 2015இல் இவருடைய ஓவியம் ஒன்று வெள்ளை மாளிகையில் இடம்பெற்றது.

வீட்டுத் தோட்டமே ஒருவருக்கு இவ்வளவு கற்றுக்கொடுக்குமென்றால், நம் பள்ளித் தோட்டம் என்ன செய்யாது? மலேசியத் தமிழ்ப்பள்ளிகளின் வளாகங்களில் செம்பருத்திக்குப் பஞ்சமில்லை. அது நம் தேசிய மலர். அதன் நடுவே நீண்டு நிற்கும் தண்டின் நுனி ஐந்தாகப் பிரிந்திருப்பதை எத்தனை மாணவர்கள் கண்டிருப்பார்கள்? ஒரு பாடவேளையைத் தோட்டத்தில் செலவிட்டால் போதும். ஓவியத்தோடு அறிவியலும் வளரும். "இது என்ன சிவப்பு? இரத்தச் சிவப்பா, செங்கல் சிவப்பா?" என்று கேட்டால் தமிழும் வளரும்.

முன்பு யு.பி.எஸ்.ஆர். தேர்வைக் காரணம் காட்டி ஓவியப் பாடவேளையைக் கணிதத்திற்குக் கொடுப்பதுண்டு. அத்தேர்வு 2021இல் அகற்றப்பட்டுவிட்டது. இனியும் அந்த நேரத்தைப் பறிப்பது முறையன்று.

பெற்றோர்களே, பிள்ளை நீல நிறத்தில் இலை தீட்டினால் உடனே திருத்தாதீர்கள். "எங்கே பார்த்தாய்?" என்று கேளுங்கள். மழைக்கு முந்திய மாலையில் அவன் உண்மையிலேயே பார்த்திருக்கக்கூடும்.

ஆசிரியர்களே, அடுத்த ஓவிய வகுப்பில் மாதிரிப் படத்தைக் கரும்பலகையில் வரையாமல், மாணவர்களைத் தோட்டத்திற்கு அழைத்துச் செல்லுங்கள். முப்பது வேறு வேறு பூக்களோடு திரும்பி வருவீர்கள்.