தோலின் பூர்வோத்தரம்

ஐரோப்பிய நகரங்களில் கைப்பையோ பாதரட்சையோ வாங்குவோருள், அதன் தோல் எங்கிருந்து வந்தது, எம்முறையில் பதனிடப்பட்டது என்று வினவுவோர் இக்காலத்தில் உளர். ஐரோப்பிய யூனியன் 2023-ஆம் வருஷத்தில் இயற்றிய காடழிப்புத் தடைச் சட்டத்தின் ஜாபிதாவில் மாட்டுத்தோலும் சேர்க்கப்பட்டது. இஃது ஆம்பூர், இராணிப்பேட்டை ஏற்றுமதி வியாபாரிகளைச் சேர்ந்த விஷயம், குடியானவருக்கு யாதொரு சம்பந்தமுமில்லை என்று கருதுவது பிசகு.

கால்நடைகளுக்கு 12 இலக்க எண்ணுள்ள மஞ்சள் காதுவில்லை பொருத்தப்பட்டு வருகிறது. இனம், வயது, தடுப்பூசி, உடையவர் பெயர் முதலியன அவ்வெண்ணின் கீழ்ப் பதிவாகின்றன. ஆயினும் அறுவைக்கூடத்திலாயினும் கிராமத்திலாயினும் தோல் உரிக்கப்படும்போது, காது தலையோடு போக, வில்லையும் உடன் போகிறது. பின்னர் உப்பிட்ட தோல்கள் தரகர் கைமாறி மண்டிக்குச் செல்லுங்கால், பல ஊர்த் தோல்கள் ஒன்றாய்க் கலந்துவிடுகின்றன. அதன்மேல் ஆலையதிபர் எத்துணை யோக்கியராயினும், பிராணியைக் குறித்துப் பிரமாணமாய்ச் சொல்ல அவரிடம் ஒன்றுமிராது. ஆவாரம்பட்டையும் கடுக்காயும் கொண்டு பதனிடும் நம் பழைய தோலுக்குப் புவிசார் குறியீடு கிடைத்திருப்பது மெச்சத்தக்கதே. ஆனால் அக்குறியீடு தேசத்தையும் முறையையும் கூறுமேயன்றி மாட்டைக் கூறாது.

உரித்தவுடன் வில்லையின் எண்ணைத் தோலின் பின்புறத்தில் சிறு துளைகளாகக் குத்திவிட்டால், சுண்ணாம்பு நீரிலும் பதனீட்டிலும் அஃது அழியாதிருக்கும். எண், தேதி, வாங்கியவர் பெயர் ஆகிய மூன்றையும் ஒரு ரிஜிஸ்தரில் எழுதிவைப்பது கிராம உத்தியோகஸ்தர்களுக்குப் பெரும் பளுவாகாது. குடியானவருக்கு இதனால் வரும் லாபமும் அற்பமன்று. விலாவில் போட்ட சூடு, தாற்றுக்கோல் குத்து, முள்கம்பிக் கீறல், உண்ணிக் கடி ஆகியவை தோலின் சிறந்த பாகத்தையே கெடுக்கின்றன. கலந்த குவியலில் ஜாக்கிரதையாய் மாடு வளர்த்தவரின் தோலும், சூடு போட்டுக் கெடுத்தவரின் தோலும் ஒரே விலைக்குப் போகின்றன. எண் நிலைத்தாலன்றி முன்னவருக்கு உரிய விலை கேட்கவே வழியில்லை.

தோலின் சரித்திரத்தில் மாட்டோடு நீரும் அடங்கும். பாலாற்றுப் பிரதேசத்தில் தோல் ஆலைக் கழிவு நீரால் ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் விளைநிலம் முழுமையாகவோ ஓரளவோ சாகுபடிக்கு உதவாது போயிற்றென்பது 1996-ஆம் வருஷத்து சுப்ரீம் கோர்ட்டுத் தீர்ப்பில் கண்டிருக்கிறது. கெடுத்தவரே நஷ்டஈடு செலுத்தவேண்டுமென்றும் அத்தீர்ப்பு விதித்தது. மாட்டின் பிறப்பிடத்தை விசாரிக்கும் சீமைக் கொள்முதல்காரர், அதைப் பதனிட்ட ஆலையை அடுத்த கிணறுகளின் நிலைமையையும் விசாரிக்கவேண்டும். அக்கேள்வியைக் கேட்கும்படி வற்புறுத்தும் உரிமை பாலாற்றுக் குடியானவர்களுக்கு வேறெவரையும்விட அதிகமாய் உண்டு.

குத்தும் கருவிக்கும் ரிஜிஸ்தருக்கும் ஆகும் செலவைக் குடியானவர் தலையிலோ உரிக்கும் தொழிலாளி தலையிலோ கட்டுவது நியாயமாகாது. நெறியான தோல் என்று விளம்பரம் செய்து அதிக விலை பெறுபவரே அதைக் கொடுக்கக் கடமைப்பட்டவர். கத்திக் கீறலின்றி உரித்த தோல் ஒவ்வொன்றுக்கும் தொழிலாளிக்குத் தனிக் கூலியும் அப்பணத்திலிருந்தே சேரவேண்டும்.