கல்லறை இல்லாதவர்கள்

பிரெஞ்சுப் பள்ளியில் படித்தபோது, 1492இல் கொலம்பஸ் அமெரிக்காவைக் ‘கண்டுபிடித்தார்’ என்று மனப்பாடம் செய்தோம். அங்கே ஏற்கெனவே ஊர் கட்டி, மக்காச்சோளம் விளைவித்து வாழ்ந்தவர்களைப் பற்றி யாரும் சொல்லித்தரவில்லை.

நம் கும்மிடிப்பூண்டிக்குப் பக்கத்தில், பழவேற்காட்டிலும் பாதிக் கதையைத்தான் சொல்கிறோம். டச்சுக்காரர்கள் 1613இல் ஜெல்ட்ரியா கோட்டையைக் கட்டினார்கள். துணி வியாபாரத்தோடு நிற்கவில்லை. பஞ்ச காலங்களில் நம் ஜனங்களை அடிமைகளாக வாங்கி, பட்டாவியாவுக்கு, அதாவது இன்றைய ஜகார்த்தாவுக்கு, ஆயிரக்கணக்கில் கப்பலேற்றினார்கள்.

வாசலில் எலும்புக்கூடு செதுக்கிய டச்சுக் கல்லறைத் தோட்டத்தைத் தொல்லியல் துறை பாதுகாக்கிறது. பாதுகாக்கட்டும். கப்பலேறிப் போன நம்மவர்களுக்குக் கல்லும் இல்லை, பெயரும் இல்லை. அரசு அவர்களுக்கும் ஒரு கல் நடவேண்டும். அதுவரை, பேரப்பிள்ளைகளைக் கல்லறை பார்க்க அழைத்துப் போகிறவர்கள், அப்படியே கடற்கரைக்கும் கூட்டிப்போய் இதையும் சொல்லுங்கள்.