கிருஷ்ணன் மறுத்த ஒப்பந்தம்

சில வாரங்களுக்கு முன் எங்கள் கல்லூரி விளையாட்டு விழாவுக்கு வந்திருந்த சிறப்பு விருந்தினர், டென்னிஸ் வீரர் இராமநாதன் கிருஷ்ணனைப் பற்றிப் பேசினார். 1959இல் அமெரிக்கரான ஜாக் கிராமர், தம் தொழில்முறைக் குழுவில் சேர்ந்து ஆடுவதற்கு மூன்றாண்டுகளுக்கு ஒன்றரை லட்சம் டாலர் தருவதாகச் சொன்னார், கிருஷ்ணன் மறுத்துவிட்டார். அன்றைய மாற்று மதிப்பில் அது ஏறத்தாழ ஏழு லட்சம் ரூபாய். "பணத்தை மதிக்காத தூய உள்ளம்" என்று முடித்தார் பேச்சாளர். கைத்தட்டல் அடங்க நேரமாயிற்று. மூன்றாம் வரிசையில் தலைகுனிந்து அமர்ந்திருந்த ஒரு மாணவனை நான் பார்த்துக்கொண்டிருந்தேன். அவனைப் பற்றிப் பின்னர் சொல்கிறேன்.

முதலில் கிருஷ்ணன். தந்தை டி. கே. இராமநாதனே அவருக்கு ஆசான். சென்னை இலயோலா கல்லூரியில் நடந்த பெர்ட்ரம் போட்டி, கல்லூரி மாணவர்களுக்கு மட்டுமே உரியது. பள்ளிச் சிறுவனாக இருந்தபோதே சிறப்பு அனுமதி பெற்று அதில் ஆடி, 1951இல் பட்டத்தை வென்றவர் அவர். 1954இல் விம்பிள்டன் சிறுவர் ஒற்றையர் பட்டம்; ஆசியாவிலிருந்து அதைப் பெற்ற முதல்வர். இறுதியாட்டத்தில் அவரிடம் தோற்ற ஆஷ்லி கூப்பர் நான்கே ஆண்டுகளில் விம்பிள்டன் சாம்பியன் ஆனார். 1959இல் அவ்வாண்டின் விம்பிள்டன் இறுதியாட்டம் வரை சென்ற ராட் லேவரை டேவிஸ் கோப்பை ஆட்டத்தில் கிருஷ்ணன் வென்றார். கிராமர் வந்தது அந்த ஆண்டில்தான். அவர் நீட்டிய தொகையின் கனம் புரிய வேண்டுமானால் ஒன்று சொல்லலாம்: ஒரே ஆண்டில் நான்கு பெரும் பட்டங்களையும் வென்ற ராட் லேவர், 1962ஆம் ஆண்டின் முடிவில் தொழில்முறைக்கு மாறியபோது பெற்ற மூன்றாண்டு உறுதித்தொகை 1,10,000 டாலர்.

ஆனால் அந்தக் கையெழுத்துக்கு ஒரு விலை இருந்தது. தொழில்முறை ஆட்டக்காரருக்கு அன்று விம்பிள்டனின் கதவு அடைபடும்; டேவிஸ் கோப்பையில் நாட்டுக்காக ஆட முடியாது. பெயர் பெற்ற ஒரு சிலர் ஊர் ஊராகச் சென்று, உள்ளரங்குகளில், மீண்டும் மீண்டும் தமக்குள்ளேயே மோதிக்கொள்வதுதான் அவர்களுக்கு வாய்த்த வாழ்வு. லேவரே 1963 முதல் 1967 வரை விம்பிள்டனில் கால் வைக்க முடியவில்லை.

மறுத்ததனால் கிருஷ்ணனுக்கு என்ன கிடைத்தது என்று பார்ப்போம். 1960, 1961 என அடுத்தடுத்து விம்பிள்டன் அரையிறுதி. முதலாவதில் நீல் ஃபிரேசரிடமும் இரண்டாவதில் லேவரிடமும் தோல்வி. இடையில் ராய் எமர்சன் மீது ஒரு வெற்றி. 1962இல் நான்காம் தரவரிசை, கணுக்காலில் காயம், பாதியில் விலகல். பிறகு 1966. கல்கத்தாவில் பிரேசிலுக்கு எதிரான டேவிஸ் கோப்பை மோதலின் ஐந்தாவது, முடிவான ஆட்டம். தாமஸ் கோச் இரண்டு செட்டுகளுக்கு ஒன்று என்று முன்னணியில் இருக்கிறார்; நான்காம் செட்டிலும் 5-2. அங்கிருந்து மீண்டு கிருஷ்ணன் வென்றார். இந்தியா முதன்முதலாக இறுதிச் சுற்றுக்குச் சென்றது. மெல்போர்னில் ஆஸ்திரேலியாவிடம் 4-1 என்று தோற்றோம் என்றாலும், அந்த ஒன்று கிருஷ்ணனும் ஜெய்தீப் முகர்ஜியும் சேர்ந்து நியூகோம்ப், ரோச் இணையை வீழ்த்தியது. வேகமான சர்வீஸ் அவரிடம் இல்லை. மெல்லத் தொட்டு, இடம் பார்த்து வைக்கும் ஆட்டம் அவருடையது.

ஆகவே அது நல்ல தேர்வு. டாலரைத் தராசின் ஒரு தட்டில் வைத்தால், மறு தட்டில் விம்பிள்டனும் நாட்டுக்கான ஆட்டமும் இருந்தன. இதில் தூய்மை எங்கிருந்து வந்தது? 1968இல் விம்பிள்டனே தொழில்முறையாளருக்குத் திறந்து, பரிசுப் பணமும் தந்தது. அதே போட்டி, அதே புல்தரை. முந்தைய ஆண்டு வரை மாசாக இருந்த பணம் அந்த ஆண்டில் எப்படித் துலங்கிப்போயிற்று? 1960இலேயே இது நடந்திருக்க வேண்டியது. பன்னாட்டு டென்னிஸ் கூட்டமைப்பின் வாக்கெடுப்பில் ஐந்து வாக்குகள் குறைந்தன. அந்த ஐந்து வாக்குகள் கிடைத்திருந்தால் கிருஷ்ணனை அப்படியொரு தேர்வின் முன் யாரும் நெடுங்காலம் நிறுத்தியிருக்க முடியாது. தலைமுறை ஒன்று தள்ளி, அதே இலயோலாவில் படித்த விஜய் அமிர்தராஜ் தொழில்முறை ஆட்டக்காரராகவே விம்பிள்டனிலும் டேவிஸ் கோப்பையிலும் ஆடினார். அவரை யாரும் தூய்மை குறைந்தவர் என்று சொல்லக் கேட்டதில்லை.

அமெச்சூர் என்ற பிரெஞ்சுச் சொல்லுக்கு நேசிப்பவர் என்று பொருள். அழகான சொல்தான். ஆனால் அதை விதியாக்கியவர்கள் யாரை மனத்தில் வைத்திருந்தார்கள் என்பதற்கு ஒரு சான்று இருக்கிறது. இங்கிலாந்தின் ஹென்லி படகுப் போட்டியின் நிர்வாகிகள் 1879இல் எழுதிய வரையறையின்படி, கூலிக்கு உழைத்த கைவினைஞரும் தொழிலாளியும் அமெச்சூர் ஆகமாட்டார்கள். துடுப்புப் போட்டுப் பணம் பெற்றதால் அல்ல. எந்த வேலையிலாவது கையால் உழைத்துக் கூலி வாங்கியதாலேயே. எங்கள் பிள்ளையார்பாளையத்துத் தறிக்காரர் அங்கே படகேறப் போயிருந்தால் கரையிலேயே நிறுத்தியிருப்பார்கள்.

இப்போது அந்த மாணவன். நெசவாளர் வீட்டுப் பிள்ளை, கபடியில் பாடிப்போகிறவன், விளையாட்டு ஒதுக்கீட்டில் சேர்ந்தவன். பக்கத்து ஊர்த் திருவிழாவில் நடந்த பரிசுப் போட்டியில் வெளிக்குழு ஒன்றுக்காக ஆடி, அதற்குப் பணம் பெற்றுக்கொண்டான். கல்லூரி அணியில் இருப்பவன் பணத்துக்காக வெளியே ஆடலாமா என்று ஒரு விசாரணைக் குழு. அதில் நானும் உறுப்பினன். தமிழாசிரியன் என்றால் ஒழுக்கத்துக்கு உரியவன் என்று எங்கோ ஓர் எண்ணம் இருக்கிறது போலும்.

அவன் தந்தை என்னைப் பார்க்க வீட்டுக்கு வந்தார். கோர்வைச் சேலை நெய்பவர். உடலுக்கும் கரைக்கும் வேறு வேறு நிறம் வைத்து, இரண்டையும் ஊடை இழையிலேயே பூட்டிக்கொண்டு போகும் நெசவு அது. தறியில் துணைக்கு இன்னொருவர் உட்கார வேண்டும். பல ஆண்டுகள் அந்தத் துணை இந்தப் பையன்தான். நாற்காலியில் உட்காரச் சொல்லியும் உட்காராமல் நின்றுகொண்டே கேட்டார்: "ஆடுனான், கூலி குடுத்தாங்க, வாங்கிட்டான். நான் கூலி வாங்கித்தானே சார் நெய்யிறேன்? அதனால என் சேலை மட்டமாயிடுமா?"

நான் விதிகளைப் பற்றி ஏதோ முணுமுணுத்தேன். அவர் போனபின்தான் படித்ததெல்லாம் நினைவுக்கு வந்தது. படிப்பு எப்போதும் இப்படித் தாமதமாகத்தான் வருகிறது. பரிசில் கேட்பதற்கென்றே புறத்திணையில் துறைகள் வகுத்த மரபு நம்முடையது. பெரும்பாணாற்றுப்படை, வறிய பாணன் ஒருவனை இதே காஞ்சியில் இருந்த தொண்டைமான் இளந்திரையனிடம் பரிசு பெற்று வாழ வழிகாட்டி அனுப்புகிறது. அதைப் பாடிய கடியலூர் உருத்திரங்கண்ணனார் பட்டினப்பாலைக்குப் பதினாறு நூறாயிரம் பொன் பெற்றதாகக் கலிங்கத்துப்பரணி பெருமையோடு பதிவு செய்கிறது. பாட்டின் தரம் அதனால் தாழ்ந்தது என்று எந்த உரையாசிரியரும் எழுதவில்லை. பரிசிலை மறுத்த பெருஞ்சித்திரனாரும் இருக்கிறாரே என்று கேட்கலாம். அதியமான் தம்மை நேரில் காணாமல் பொருளை மட்டும் கொடுத்தனுப்பினான் என்பதே அவர் சினத்துக்குக் காரணம். தம் தகுதியை அறிந்து தந்தால் தினையளவும் போதும் என்கிறார். அவர் வெறுத்தது பொருளை அன்று, பாராமுகத்தை.

இந்த இடத்தில் நம் சிற்றிதழ் உலகத்தையும் கொஞ்சம் பார்த்துக்கொள்வது நல்லது. எழுத்துக்குப் பணம் வாங்காததை நாமும் ஒரு தகுதிச் சான்றாகவே நெஞ்சில் குத்திக்கொண்டு திரிந்திருக்கிறோம். நானும்தான். மாதம் பிறந்தால் வங்கிக் கணக்கில் விழும் கல்லூரிச் சம்பளம் என்னைத் தூயவனாக வைத்திருக்கிறது. அது இல்லாத எழுத்தாளர் பெரும்பத்திரிகைக்குத் தொடர்கதை எழுதினால், விலைபோனார் என்று தேநீர்க்கடையில் தீர்ப்புச் சொல்லிவிட்டு வகுப்புக்குப் போயிருக்கிறேன்.

அமெரிக்காவில் கல்லூரிக் கால்பந்து (பந்தைக் கையில் ஏந்தி ஓடும் அவர்கள் கால்பந்து) லட்சம் பேர் அமரும் அரங்குகளில் நடக்கிறது. தொலைக்காட்சி உரிமையும் நுழைவுச்சீட்டும் பெரும்பணம். பயிற்சியாளருக்குக் கோடிகளில் ஊதியம். ஓடி அடிபடும் மாணவனுக்கு மட்டும் நெடுங்காலம் படிப்புச் செலவும் உணவும் தங்குமிடமும்தான். அதற்கு மேல் பெற்றால் அமெச்சூர் தன்மை கெட்டுவிடும் என்றார்கள். 2021இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம், படிப்பு தொடர்பான உதவிகளுக்கு விதித்திருந்த வரம்புகளை ஒருமனதாகத் தள்ளியது. அதே ஆண்டு ஜூலை முதல் மாணவர்கள் தம் பெயரையும் உருவத்தையும் கொண்டு பணம் ஈட்டலாம் என்றாயிற்று. 2025இல் ஏற்கப்பட்ட ஒரு வழக்குத் தீர்வுக்குப் பின் கல்லூரிகளே நேரடியாகப் பணம் தரலாம். அரங்குகள் காலியாகிவிடவில்லை.

எங்கள் கல்லூரிக்கு அரங்கமும் இல்லை, தொலைக்காட்சியும் இல்லை. ஆனால் சேர்க்கைக் கையேட்டின் அட்டையில் அந்தப் பையன் கோப்பையை ஏந்திக்கொண்டு நிற்கிறான்.

கல்லூரிப் போட்டி நடக்கும் நாளில் வெளியே ஆடப் போயிருந்தால் கண்டிக்கலாம். அணிக்குக் கொடுத்த வாக்கு அது. அவன் போனது விடுமுறை நாளில். முழங்கால் முறிந்திருந்தால் என்ன செய்வது என்று சக உறுப்பினர் கேட்டார். கல்லூரிக்காக ஆடி முறிந்தால் நாம் என்ன செய்வோம் என்று நான் கேட்டேன். அறையில் மின்விசிறி ஓடும் சத்தம் மட்டும் கேட்டது.

குழு வரும் வியாழக்கிழமை மீண்டும் கூடுகிறது. என் மாற்றுக் கருத்தை இரண்டு பக்கங்களில் எழுதி வைத்திருக்கிறேன். கிருஷ்ணனைப் பற்றி அதில் ஒரு வரியும் இல்லை.